இரண்டே சாவி

ஜனவரி 12

பாப்பா அம்மாவுக்கு,

அன்புடன் எழுதுவது. நலமா என்று கேட்டால், "நலமாத்தான் இருக்கேன், இப்ப அதுக்கென்ன" என்று நீ சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது. அதனால் அதைக் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போனை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. போனில் நாம் பேசியதெல்லாம் ஒரு "ம்", ஒரு "சரி", ஒரு "அப்புறம்". அதற்கு மேல் போனால் இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிடுகிறோம். காகிதம் என்றால் அழுது முடித்துவிட்டு மிச்சத்தை எழுதலாம்.

புதுப் பாலத்து வேலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஆற்றங்கரையில் ஒரு பெரிய மைதானம். வெல்டர், கிரேன்காரர், சமையல்காரர் எல்லோரும் இங்கே வண்டியிலேயே குடித்தனம். படுக்கை, அடுப்பு, மடக்கு மேஜை என்று நம் வண்டியைப் போலவே வரிசையாக நிற்கின்றன. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதற்காக வாங்கிய வண்டி, கடைசியில் எனக்குக் குவார்ட்டர்ஸ் ஆகிவிட்டது.

வண்டியின் பக்க டிக்கியைப் பற்றி நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். வண்டிக் கம்பெனிக்காரன் போட்ட கீல் தகரம் மாதிரி இருந்தது. அதை வெட்டிப் போட்டுவிட்டுத் தடித்த இரும்பில் நானே கீல் செய்து வெல்டிங் வைத்தேன். கதவு ஓரம் முழுக்க இரும்புப் பட்டி கட்டினேன். இனி எவனாவது கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும். உள்ளே பாப்பாவின் சைக்கிள் போர்வை சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. நான் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து திறப்பது என்று பேசினோமே, அது அப்படியே இருக்கிறது. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி உன்னிடம். மூன்றாவது ஆளுக்கு வழியே கிடையாது.

இப்படிக்கு,
என்றும் உன்,
பாப்பா அப்பா


ஜனவரி 25

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். சமைத்த பிறகுதான் ஒரு ஆளுக்கு அதிகமாகச் சமைத்திருக்கிறேன் என்று தெரிகிறது. மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு சின்னப் பையன், கண்ணாடி போட்டால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள் என்று ஒரே அழுகை. "நான் போட்டிருக்கேனே, என்னைப் பார்த்தா சிரிப்பு வருதா?" என்று கேட்டேன். என் முகத்தைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வருது" என்றான். முதலாளி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நானும் சிரித்தேன். பாப்பா நம்மை விட்டுப் போன பிறகு நான் சிரித்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வாசல் பூட்டு முரண்டு பிடிக்கிறது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்புகிறது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூடவே அரை மணி நேரம் எனக்கு உபதேசமும் செய்திருப்பீர்கள்.

அலமாரியைத் துடைத்தபோது பாப்பாவின் பொம்மையை எடுத்தேன். தலையில் அந்தச் சைக்கிள் பெல் மூடி இன்னும் இருக்கிறது. பொம்மைக்குத் தொப்பி வேண்டும் என்று கழற்றிக்கொண்டு வந்தாளே, அன்றிலிருந்து அந்த பெல் "டொக் டொக்" என்றுதான் அடிக்கும். சைக்கிள் உங்களிடம், மூடி என்னிடம். டிக்கிச் சாவியைக் கடைச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். ஷட்டரைத் திறக்கும்போதெல்லாம் கையில் படும்.

ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எத்தனையோ மாதம் ஆயிற்று. வீட்டைப் பார்த்து உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனால் நான் அதற்குள்ளேயே இருக்கிறேன்.

என்றும் உங்கள்,
பாப்பா அம்மா


பிப்ரவரி 6

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்று வேலையில் கை ஓடவில்லை. ஒரே இணைப்புக்கு இரண்டு தடவை வெல்டிங் வைத்தேன்.

வருவேன். இந்தத் தூண் முடியட்டும் என்று சொல்வேன், தூண் முடிந்தால் அடுத்த தூண் என்பேன். அதெல்லாம் சாக்கு என்று உனக்கே தெரியும். உண்மையைச் சொல்கிறேன். அவள் துணி அலமாரி காலியாக இருப்பதை என்னால் பார்க்க முடியாது. உன்மேல் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

பக்கத்து வண்டி கிரேன்காரர் நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளம். சாயங்காலம் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து அவர் அடிக்கும் கதையில் பாதி பொய், மீதி அதைவிடப் பெரிய பொய். என்னை ஒரு நாளும் தனியாக உட்காரவிடுவதில்லை.

வாசல் பூட்டுக்கு எண்ணெயெல்லாம் விட்டுக்கொண்டிருக்காதே. பூட்டையே மாற்றிவிடு. கடைக்காரன் கண்முன்னால் சாவி வெட்டித் தரச் சொல். பூட்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இதோ, உபதேசம் வந்துவிட்டது. போதுமா?

என்றும் உன்,
பாப்பா அப்பா


மார்ச் 10

டிக்கியைத் திறந்தேன். பேசியதை மீறித்தான் திறந்தேன். காலமில்லாத காலத்தில் விடாத மழை, உள்ளே ஈரம் இறங்கியிருக்குமோ என்று பயந்து திறந்தேன். போர்வை கிடக்கிறது. சைக்கிள் இல்லை.

கீலில் ஒரு கீறல் கிடையாது. பூட்டில் பெயிண்ட் கூட உதிரவில்லை. நெம்பி எடுத்திருந்தால் எனக்குத் தெரியாதா? என் கையால் வைத்த வெல்டிங். சாவி போட்டுத் திறந்து, எடுத்துக்கொண்டு, திரும்பவும் சாவி போட்டுப் பூட்டியிருக்கிறது. என் சாவி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "போன மாசம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாங்க சார். உங்க வண்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. யாருன்னு கேட்டதுக்கு வீட்டுக்காரம்மான்னு சொன்னாங்க. சரி, நம்ம வீட்டு அம்மாதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

நீ இங்கே வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. அதை ஏன் இப்படி எடுத்துக்கொண்டு போக வேண்டும்?


மார்ச் 18

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் மேலே யாருக்கு என்று எழுதவில்லை. கீழே யார் என்றும் எழுதவில்லை. கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தேன். வாட்ச்மேன் சொன்னது உண்மைதான். வண்டி பக்கத்தில் நின்றேன். டிக்கி கதவின்மேல் கை வைத்தேன். உங்கள் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். திறக்கவில்லை.

ஏன் வந்தேன், ஏன் உங்களைப் பார்க்காமல் திரும்பினேன் என்று இப்போது சொன்னால் அது சால்ஜாப்பு போல இருக்கும். நீங்கள் என்னை நம்பிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் சைக்கிளைத் தேடுங்கள். மைதானத்தில் மற்றவர்களை விசாரித்தீர்களா? வேறு யாருக்காவது ஏதாவது தொலைந்ததா? போலீஸில் சொன்னீர்களா? இந்த மழையில் அது எங்கே நனைந்துகொண்டு கிடக்கிறதோ. என்மேல் குற்றம் சாட்டுவதை அப்புறம் நிதானமாகச் செய்துகொள்ளலாம், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

என் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. இனி இரண்டும் உங்களிடமே இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
பாப்பா அம்மா


மார்ச் 26

சாவியை அனுப்பிவிட்டால் ஆயிற்றா? எல்லாம் முடிந்த பிறகு எனக்கெதற்கு அது? ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

யாரை விசாரிக்கச் சொல்கிறாய்? இரண்டே சாவி உள்ள பூட்டுக்கு ஊரையெல்லாம் விசாரிப்பார்களா? போலீஸில் போய் என் பெண்டாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று எழுதிக் கொடுக்கவா?

நான் ஷிஃப்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் துணிமணியையெல்லாம் யாருக்கோ மூட்டை கட்டிக் கொடுத்தவள் நீ. ஒரு கவுனையாவது விட்டு வைத்தாயா? வந்து பார்த்தால் வெறும் ஹேங்கர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அப்போதே கேட்டிருந்தால் இன்றைக்குச் சைக்கிளும் போயிருக்காது. உன்னால் எப்படி முடிகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. பெற்றவள் இப்படிச் செய்வாளா?

சைக்கிளை யாருக்குக் கொடுத்தாய் என்று மட்டும் சொல். திருப்பிக் கேட்க மாட்டேன். தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீ பதில் போடவில்லை. போட்டிருக்கவும் கூடாது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் கிரேன்காரர் வந்தார். "வெல்டரே, என் டிக்கிச் சாவியை எங்கயோ விட்டுட்டேன். உன்னோடதைக் குடுப்பா, கயிறு எடுக்கணும்" என்றார். என் வண்டிச் சாவி உங்களுக்கு எதற்கு என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவியை, நீ திருப்பி அனுப்பிய அந்தச் சாவியை, அவரே எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே போனேன். அவருடைய டிக்கியில் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது.

நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "என்னப்பா, உனக்குத் தெரியாதா? இந்த வண்டிங்க எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். சாவி மேல நம்பர் இருக்கு பாரு. கம்பெனிக்காரன் மூட்டை மூட்டையா ஒரே பூட்டை வாங்கி எல்லா வண்டியிலயும் மாட்டிடுறான். ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தேன். சமையல்காரர் வண்டி திறந்தது. சர்வேயர் வண்டி திறந்தது. யாரென்றே தெரியாத ஒருவருடைய புத்தம் புது வண்டியும் திறந்தது. உள்ளே அவர் பெண்டாட்டி பிள்ளைகளின் செருப்பெல்லாம் இருந்தன. திருடனைப் போல மூடிவிட்டு வந்தேன்.

பிறகுதான் நீ சொன்னபடி விசாரித்தேன். மழைக்கு முந்தின வாரம் சமையல்காரரின் சின்ன அடுப்பு போயிருக்கிறது. சர்வேயருடைய டிரில் மெஷின் போயிருக்கிறது. எல்லோரும் எவனோ எடுத்துவிட்டான் என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். கொட்டகையில் அதைப் பற்றிப் பேசினபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் ஏறவில்லை. திருடியது யார் என்று தெரிந்துவிட்ட பிறகு எனக்கு மற்றவர்கள் பேச்சு எதற்கு?

கீலுக்கு அவ்வளவு வெல்டிங் வைத்தேன். பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியில் பொறித்திருந்த நம்பரைத் தினமும் பார்த்தேன், அது நமக்கென்று போட்ட நம்பர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று எழுதினேன். அந்த வரியை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். நேரில் வந்து கேட்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே கிளம்பிவிடுகிறேன்.

என்றும் உன்,
பாப்பா அப்பா


மே 6

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்து போயிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

பழைய பூட்டைக் கழற்றி ஆற்றில் வீசினேன். புதுப் பூட்டு போட்டாயிற்று. இது வேறு ரகம். இதன் சாவி மைதானத்தில் வேறு எந்த வண்டிக்கும் சேரவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு அவரவர் சாவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். ஒரு சாவியை உனக்கு இதோடு அனுப்புகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் உன்னிடம் ஒன்று இருக்க வேண்டும்.

லீவு நாளெல்லாம் பழைய சைக்கிள் கடைகளாக ஏறி இறங்குகிறேன். சின்ன சைக்கிள் கண்ணில் பட்டால் பெல்லை அடித்துப் பார்க்கிறேன். எல்லாம் நன்றாகவே மணியடிக்கின்றன. ஒரு கடைக்காரர், "பிள்ளைக்கு எத்தனை வயசு சார்?" என்று கேட்டார். ஏழு என்றேன்.

ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

என்றும் உன்,
பாப்பா அப்பா


மே 25

பாப்பா அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்துவிட்டு, கண்ணாடி அறுக்கும் அறைக்குள் போய் மெஷினை ஓடவிட்டு அழுதேன். மெஷின் சத்தத்தில் வெளியே கேட்காது. கோபம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அதனால் திட்டி எழுதச் சொன்னீர்களே, அது என்னால் முடியவில்லை.

நம்பிய பிறகு கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடி வாசல் பூட்டை மாற்றினேன். கடைக்காரர் என் கண்ணெதிரே இரண்டு சாவி வெட்டிக் கொடுத்தார். இரண்டாவது சாவியை உங்கள் கையில் கொடுத்து, வீட்டுக்கு வாங்க, இரண்டு பேருமாகவே பயந்துகொண்டு இருக்கலாம் என்று கூப்பிடத்தான் லீவு போட்டுவிட்டு பஸ் மாறி மாறி வந்தேன். வாட்ச்மேன் வழி காட்டினார். கொட்டகையில் நீங்கள் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கிரேன்காரர்தான் போல, கையை ஆட்டி ஏதோ கதை சொன்னார். நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு உங்களிடம் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் முன்னால் வந்து நின்றால் அது அந்த நிமிஷமே நின்றுபோகும். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

வண்டிகிட்டே போனேன். டிக்கிமேல் கை வைத்து, "அப்பா சிரிக்கிறாரும்மா" என்று பாப்பாவிடம் சொன்னேன். அதுதான் நான் ரொம்ப நேரம் நின்றது. பிறகு திரும்பிவிட்டேன்.

துணிமணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் கவுனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நீங்கள் படுத்திருந்தீர்கள். இன்னொருவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்துபோய், அதற்குப் பிறகு நீங்கள் முதல் தடவை வேலைக்குக் கிளம்பிய அன்றே கொடுத்தேன். மூட்டை கட்டும்போது ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடித்தேன். நீங்கள் கேட்காததால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எல்லாருக்கும் திறக்கிற பூட்டு என்று தெரிந்தபிறகு மன்னிப்புக் கேட்டீர்கள். கிரேன்காரர் தன் சாவியைத் தொலைக்காமல் இருந்திருந்தால்? இன்னும் நான்தான் எடுத்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அதுதான். நான் சொன்னது போதாமல், ஒரு பூட்டு வந்து எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே.

சைக்கிளைத் தேடாதீர்கள். அதை எடுத்தவன் வீட்டிலோ வாங்கினவன் வீட்டிலோ ஒரு குழந்தை இருக்கும். பெல் ஏன் இப்படி அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்டிக்கொண்டிருக்கும். இருட்டுக்குள் போர்வை சுற்றிக் கிடந்ததற்கு இது மேல் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் தோன்றும்.

டிக்கியின் புதுச் சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். காலிப் பெட்டிக்கு இரண்டு சாவி எதற்கு? மழைக்காலத்துக்கு முன் ஓரத்து ரப்பரை மாற்றிவிடுங்கள், கம்பளியெல்லாம் வைத்துக்கொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். கொட்டகைக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

வாசல் பூட்டின் சாவி ஒன்று என் பையில் இருக்கிறது. உங்களுக்கென்று வெட்டியதை பாப்பாவின் பெல் மூடிக்குள் போட்டு, அலமாரியில் பொம்மை பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று எடுத்து, உறைக்குள் போட்டு, ஒட்டவும் ஒட்டினேன். பிறகு, இப்போது வேண்டாம் என்று உறையைக் கிழித்து எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இது இரண்டாவது உறை.

பாப்பா அம்மா